கிறித்தவப் பல்கலைக் கழகத்தில் உளநூலும் சமூகவியலும்

சைவப் பிள்ளைகள் பிற சமயத்தார் நடாத்தும் கல்விக் கூடங்களிற் கற்றல் தகுமோ என்னும் வினா ஈழநாட்டுத் தமிழருக்குப் புதியதொன்றன்று. எமது கல்லூரி போன்ற இந்துக் கல்லூரிகள் தோன்றியமைக்கே அவ்வினா ஒரு காரணமாயிற்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விக்கூடத்தை நிறுவிய நாள்தொட்டு, ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் கற்க விரும்பிய எம்மவர் பலர் கிறித்தவ ஆசிரியரின் வாயிலை அடைய வேண்டியவராயினர். ஆறுமுக நாவலர் மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி, பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையிற் கற்று, சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, தொல்காப்பியம், கலித்தொகை முதலாய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். இருவரும் பிறரிடத்துப் பெற்ற கருவி கொண்டு தம் இல்லத்தைச் செப்பனிட்ட பெரியோர்.

ஆயினும் அக்காலத்து வினாவுக்கும் இக்காலத்து வினாவுக்கும் வேற்றுமை ஒன்றுண்டு. கேத்திர கணிதத்திற்குச் சமயம் இல்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை பாதிரியார் கற்பித்தாலும் பண்டிதர் கற்பித்தாலும் ஒன்றே. உளநூலும் சமூகவியலும் அத்தகையன அல்ல. மனம் யாது, விருப்பம் எங்கிருந்து எழுகின்றது, குற்றவுணர்வு ஏன் வருத்துகின்றது, மக்கள் ஏன் வழிபடுகின்றனர், குலமும் சாதியும் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பன இந்நூல்கள் ஆராயும் பொருள்கள். இவை யாவும் சமயங்களும் விடைகூறும் பொருள்களே. ஆதலின், சைவ மாணாக்கன் ஒருவன் கிறித்தவப் பல்கலைக் கழகமொன்றில் இவற்றைக் கற்கப் புகுங்கால், அவன் பெறுவது விஞ்ஞானமோ, விஞ்ஞானத்தின் போர்வையில் வரும் பிறிதொரு சமயமோ என்று பெற்றோர் ஐயுறுதல் இயல்பு. அவ்வையத்தைப் பொதுப்பட விவாதித்தலினும் ஒரு பல்கலைக் கழகத்தின் வரலாற்றைக்கொண்டு ஆராய்தலே தெளிவு தரும். அதன்பொருட்டு நாம் பெல்சிய நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம்.

லூவேன் பல்கலைக் கழகம் 1425ஆம் ஆண்டில் ஐந்தாம் மார்ட்டின் என்னும் பாப்பரசரின் ஆணையால் நிறுவப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் பின்விளைவாக 1797இல் மூடப்பட்டு, 1834இல் பெல்சிய ஆயர்களால் மெக்லினில் மீளவும் கத்தோலிக்கப் பல்கலைக் கழகமாகத் திறக்கப்பட்டு, மறுவருடம் லூவேனுக்கு வந்தது. வேறு பல கிறித்தவக் கலாசாலைகள் உளநூலை ஐயக்கண் கொண்டு நோக்கிய காலத்தில், அதற்கென ஆய்வுகூடம் அமைத்து வரவேற்றமையே இவ்விடத்தை நாம் தெரிந்தமைக்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை இதுவாயிருந்தது. வுன்ட் என்னும் பேராசிரியர் 1879இல் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் உளநூல் ஆய்வுகூடத்தைத் தொடக்கினார். உணர்ச்சியையும் கவனத்தையும் மறுமொழி கூறும் வேகத்தையும் கருவிகளால் அளக்கத் தலைப்பட்டனர். அளக்கத்தக்கது ஆன்மாவாயிருத்தல் இயலாது. அளக்க இயலாதது உண்டென்று கொள்ளவேண்டுவதில்லை என்று கூறுவார் சிலர் அக்காலத்து எழுந்தனர். அதே 1879இல் பதின்மூன்றாம் லியோ என்னும் பாப்பரசர் புனித தோமையாரின் தத்துவத்தை மீண்டும் கற்பிக்குமாறு நிருபம் விடுத்தார். அந்நிருபத்தின் பயனாக 1882இல் லூவேனில் ஏற்பட்ட தோமையர் தத்துவப் பீடத்திற்கு நியமிக்கப்பட்டவர் தேசிரே மெர்சியே என்னும் இளங்குருவானவர். பின்னாளிற் கர்தினாலாகிப் பெரும் புகழ் எய்தியவர் இவரே.

மெர்சியே கொண்ட முடிவு வியக்கத்தக்கது. மதத்தைப் பாதுகாத்தற்கு விஞ்ஞானத்தைப் படிக்கவேண்டும் என்று கூறினார் பலர். அவரோ, விஞ்ஞானத்தை விஞ்ஞானத்தின் பொருட்டே பயிலவேண்டும் என்றும், மதவாதத்திற்கு ஆயுதம் தேடும் நோக்கோடு பயில்பவன் விஞ்ஞானியாக மாட்டான் என்றும் 1891இல் மெக்லினில் நடைபெற்ற மாநாட்டில் வற்புறுத்தினார். பிறர் கட்டிய விஞ்ஞானத்தை வாயிலில் நின்று விமரிசிப்பவராய்க் கத்தோலிக்கர் இருத்தலாகாது. உட்புகுந்து கட்டுவோருள் ஒருவராதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் நிறுவிய தத்துவ நிலையத்தில் 1890களின் தொடக்கத்தில் உளநூல் ஆய்வுகூடமும் இடம்பெற்றது. லைப்சிக் சென்று வுன்டிடம் பயின்று, கண்ணை மயக்கும் கோட்டுருவங்களைப் பற்றி ஆராய்ந்த தியெரி என்னும் குருவானவர் அதனைப் பொறுப்பேற்றார்.

தத்துவமும் ஆய்வுகூடமும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு இணங்கின? தெக்கார்த்து என்னும் பிரெஞ்சு மெய்ந்நூலார் மனத்தையும் உடலையும் முற்றிலும் வேறான இரு பொருள்களாகப் பிரித்தார். அவர் கொள்கைப்படி மனமே ஆன்மா. ஆகவே மனத்தை அளந்தால் ஆன்மாவிற் கைவைத்ததாகும் என்னும் அச்சம் பிறக்கும். தோமையரோ அரித்தோத்திலைத் தழுவி, உயிர் உடலுக்கு வடிவு தரும் தத்துவம் என்றும், மனிதன் உயிரும் உடலுமாய ஒரே பொருள் என்றும் கொண்டார். எனவே உடல்வழியாய் மனத்தின் செயல்களை அளப்பதில் அவர் வழிவந்தோர்க்குத் தடையிருக்கவில்லை. மெர்சியேயின் துணிவுக்கு அடித்தளம் இதுவே.

இவ்விடத்திற் சைவ மாணாக்கன் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். சைவசித்தாந்தத்தின்படி மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் ஆன்ம தத்துவம் இருபத்து நான்கனுள் அடங்குவன. அவை மாயையின் காரியங்கள். தாமாக அறியமாட்டாத சடப்பொருள்கள். உயிர் அவற்றுள் ஒன்றன்று. அமைச்சரோடு கூடிய அரசன்போல் அவற்றோடு கூடிநின்று அறிவது என்பது மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரத்தில் நிறுவும் பொருள். அங்ஙனமாயின், மனத்தை அளவிடுதல் கருவியை அளவிடுதலேயன்றிக் கருவியையுடையானை அளவிடுதல் ஆகாது. கவனத்தின் வேகமும் நினைவின் கொள்ளளவும் ஆய்வுகூடத்தில் எண்ணிக்கையாக வெளிப்படுதல் கண்டு சைவன் ஏன் அஞ்சவேண்டும்? மேனாட்டிற் பெரும் பூசலை விளைத்த ஒரு வினா, எமது மரபில் வந்தவனுக்கு அத்துணைப் பூசலை விளைத்தற்கு இடமில்லை. ஆனால் இதனை அறிதற்கு அவன் தன் சமய தத்துவத்தைக் கற்றிருத்தல் வேண்டும். கல்லாதவனாயின், மேனாட்டார்க்குள்ள அச்சத்தையும் அவர்தம் பாடத்தோடு சேர்த்துக் கடன் வாங்குவான்.

லூவேன் உளநூலின் பெரும்பெயர் அல்பேர் மிஷோட் என்பவரால் ஏற்பட்டது. 1881இற் பிறந்த இவர் குருவானவர் அல்லர், இல்லறத்தவர். லைப்சிக்கில் வுன்டிடமும் வூர்ட்ஸ்பர்க்கிற் கூல்ப்பேயிடமும் பயின்று திரும்பி, அரை நூற்றாண்டுக் காலம் லூவேனில் உழைத்தார். காரணகாரியத் தொடர்பைக் கண் காண்கின்றதா என்பது அவர் முதுமையில் ஆராய்ந்த வினா. ஒரு பொருள் மற்றொன்றை மோத, மோதப்பட்டது ஓடுகின்றது. அங்கு நாம் காண்பது ஓர் அசைவும் அதன்பின் மற்றோர் அசைவுமே. ஒன்று மற்றொன்றை இயக்கியது என்பது பழக்கத்தால் மனம் சேர்த்துக்கொண்ட எண்ணம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஹியூம் கூறியிருந்தார்.

மிஷோட் இதனைச் சோதித்த முறை எளியது. சுழலும் வட்டத்தட்டொன்றில் வளைகோடுகளை வரைந்து, அதன்முன் ஒடுங்கிய பிளவுடைய திரையை வைத்தார். தட்டுச் சுழலும்பொழுது, பிளவின் வழியே பார்ப்பவர்க்கு இரு சிறு நிறக்கட்டங்கள் தோன்றும். ஒன்று நகர்ந்து மற்றதைத் தொட்டு நிற்கும். தொடப்பட்டது உடனே நகரும். பார்த்தோர் முதலாவது இரண்டாவதைத் தள்ளியது என்றனர். உண்மையில் ஆங்குத் தள்ளுவது யாதுமில்லை. உள்ளவை மையாற் கீறிய கோடுகளே. தொடுதலுக்கும் நகர்தலுக்கும் இடையில் ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்களவு தாமதத்தைப் புகுத்தியவிடத்து, தள்ளுதல் என்னும் காட்சி மறைந்து, தனித்தனி அசைவுகள் இரண்டே தோன்றின. பழக்கத்தாற் பிறந்த எண்ணமாயின் இத்துணை நுண்ணிய காலவேற்றுமையால் அது அழிதல் எற்றுக்கு? காரணத்தை ஊகிப்பதற்கு முன்னரே கண் காண்கின்றது என்று அவர் முடிவுசெய்தார். காரணக் காட்சி பற்றிய அவர் நூல் 1946இற் பிரெஞ்சிலும் 1963இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. எல்லோரும் எப்பொழுதும் அவ்வாறே காண்பதில்லை எனப் பின்வந்தோர் சிலர் திருத்தினர். ஆறுமாதக் குழந்தைகளும் அத்தகைய வேறுபாட்டை உணர்கின்றன என 1987இல் வேறு சிலர் காட்டினர்.

இந்த ஆராய்ச்சியிற் சமயம் எங்குள்ளது? வினாவில் உள்ளது, விடையில் இல்லை. உலகில் உண்மையான காரணங்கள் உண்டு, அவற்றை மனிதன் அறியவல்லான் என்னும் தத்துவச் சூழலில் வாழ்ந்த ஒருவருக்கு இந்த வினா முதன்மையாகத் தோன்றியமை இயல்பே. ஆனால் தட்டும் பிளவும் கத்தோலிக்கர் அல்லாதார்க்கும் அதே காட்சியைத் தந்தன. தராதவிடத்து அதனை வெளிப்படக் கூறுவதற்கும் எவர்க்கும் தடை இருக்கவில்லை. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனப் பயின்ற எமது மாணாக்கன், மிஷோட்டின் கட்டங்களில் இம்மூன்றனுள் எது கண்ணுக்குப் புலனாகின்றது என்று வினாவலாம். நல்ல வினா ஆய்வுகூடத்தில் எந்தச் சமயத்திலிருந்து வந்தாலும் வரவேற்கப்படும்.

இனி, மிகக் கடினமான இடத்திற்கு வருவோம். சிக்மண்ட் பிராய்ட் 1927இல் வெளியிட்ட நூலொன்றில், கடவுட் கொள்கை குழந்தைப் பருவத்து விருப்பங்களிலிருந்து பிறந்ததொரு மாயத் தோற்றம் என்றார். இதனைக் கத்தோலிக்கப் பல்கலைக் கழகமொன்று எவ்வாறு எதிர்கொண்டது? பாடத்தினின்று விலக்கவில்லை. லூவேனில் உளநூற் பேராசிரியராயிருந்த குருவானவர் யோசப் நட்டின், பிராய்டின் கொள்கையையும் மனிதனைப் பற்றிய ஆன்மிக நோக்கையும் ஒப்பவைத்து 1949இல் ஒரு நூல் எழுதினார். நனவிலி மனத்தின் இயக்கங்களைப் பிராய்ட் கண்டுபிடித்தமையை ஒப்புக்கொண்ட நட்டின், மனிதன் இறந்தகாலத்தால் மாத்திரம் தள்ளப்படுபவன் அல்லன். எதிர்காலத்தை நோக்கித் திட்டமிட்டு வாழ்பவனுமாவன் என்றார். எதிர்காலத்தை மக்கள் எவ்வளவு தூரம் எண்ணிப்பார்க்கின்றனர், அது அவர்தம் ஊக்கத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதைப் பின்னர்ப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மறுப்பு என்பது கூக்குரலாய் நில்லாமல் ஓர் ஆராய்ச்சித் துறையாய் வளர்ந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

அவர்க்குப் பின் அந்தூன் வெர்கோட் என்னும் குருவானவர், தாமே உளப்பகுப்பு முறையிற் பயிற்சி பெற்று, சமய உளநூலை வளர்த்தார். கடவுள் உண்டு என்பதையும் இல்லை என்பதையும் உளநூல் நிறுவ மாட்டாது. கடவுளை நினைக்கும் மனிதனிடத்து நிகழ்வதையே அது ஆராயும் என்பது அவர் வகுத்த எல்லை. தந்தை, தாய் ஆகியோர் பற்றிய எண்ணங்கள் இறைவனைப் பற்றிய எண்ணத்திற் கலக்கும் வகையை அவரும் அவர் குழுவினரும் பல நாட்டவரிடத்து ஆராய்ந்தனர். தந்தை என்றே இறைவனை அழைக்கும் கிறித்தவர் உள்ளத்திலும், சட்டம் விதிக்கும் தந்தையின் இயல்போடு அரவணைக்கும் தாயின் இயல்பும் ஆழமாய்ப் பொருந்தியிருத்தல் தெரியவந்தது. அம்மையப்பராய் இறைவனை வணங்குபவர்க்கு இம்முடிவு வியப்பைத் தராது. ஆயினும் அது எமது சமயத்திற்குக் கிடைத்த சான்றிதழ் என்று துள்ளுதலும் தகாது. வெர்கோட் வகுத்த எல்லை எமக்கும் எல்லையே.

உளநூலை விட்டுச் சமூகவியலுக்குச் செல்வோம். பிரான்சில் கபிரியேல் லெ பிரா என்னும் சட்ட வரலாற்றறிஞர், கத்தோலிக்கரின் சமய ஒழுக்கத்தை எண்ணிக் கணக்கிடவேண்டும் என 1931இல் அழைப்பு விடுத்தார். திருமுழுக்கு, திருமணம், மரணம் ஆகிய வேளைகளில் மாத்திரம் கோயிலுக்கு வருவோர், ஞாயிறுதோறும் தவறாது பூசை காண்போர், கடமைக்கு மேலும் பத்தியுடையோர் என மக்களை அவர் வகைப்படுத்தினார். இம்முறை பரவியபொழுது, லூவேன் பேராசிரியரான ஷாக் லெகிளேர்க் என்னும் குருவானவர் 1948இற் சமயச் சமூகவியலுக்கென அனைத்துலக மாநாடொன்றைத் தொடக்கினார். தொடக்கத்திற் குருமார் தம் மந்தையை எண்ணும் முயற்சியாகவே அது தோன்றிற்று. காலப்போக்கிற் பிற சமயத்தாரும் சமயம் இல்லாதாரும் சேர்ந்தனர். மாநாடு கத்தோலிக்கச் சார்பைக் கைவிட்டு, 1989இற் சமயச் சமூகவியலுக்குரிய அனைத்துலகச் சங்கம் என்று பெயரும் மாறிற்று. எண்ணத் தொடங்கியவர்கள், எண்ணிக்கை காட்டிய வழியே செல்ல வேண்டியவராயினர்.

ஆனால் இங்கேதான் சைவ மாணாக்கன் விழிப்பாயிருத்தல் வேண்டும். லெ பிராவின் அளவுகோல், ஞாயிறு தோறும் கோயிலுக்குச் செல்லுதல் கடமை என்னும் விதியின்மேல் எழுந்தது. சைவனுக்கு அத்தகைய வாராந்தக் கடமை இல்லை. கோயிற் புத்தகத்தில் அங்கத்தவர் பெயர்ப்பதிவும் இல்லை. வீட்டில் விளக்கேற்றித் திருநீறணிந்து தேவாரம் ஓதுபவர், வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர், ஆண்டுக்கொருமுறை நல்லூர்த் தேருக்குச் செல்பவர், கதிர்காமத்திற்கு நேர்த்தி வைத்து நடப்பவர் ஆகியோரை அவ்வட்டவணையின் எந்நிரலில் இடுவது? கிழமைக்கு எத்தனைமுறை ஆலயம் செல்கின்றீர் என்னும் வினாவுக்கு எம்மூர்ப் பாட்டியார் தரும் விடை, அவருடைய பத்தியைப் பற்றி யாதொன்றும் கூறாது. பிழை பாட்டியாரிடத்தில் இல்லை, வினாவில் உள்ளது.

சமூகவியலின் பெருந்தூண்களிடத்தும் இதனையொத்த இடைவெளிகள் உண்டு. டேர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், சமயம் என்பது தன்னைப் பின்பற்றுவோரைத் திருச்சபை என்னும் ஒரே ஒழுக்கச் சமூகமாய் இணைப்பது என வரையறுத்தார். இவர் யூத குலத்திற் பிறந்து சமயப் பற்றற்றவராய் வாழ்ந்தவர். எனினும் வரையறைக்கு அவர்க்கு அகப்பட்ட சொல் திருச்சபை என்பதே. மாக்ஸ் வேபர் இந்து சமயத்தைப் பற்றி 1916-17இல் விரிவாக எழுதினார்; இந்தியாவுக்கு ஒருபோதும் வந்தவர் அல்லர். மொழிபெயர்ப்பு நூல்களும் குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளுமே அவர்க்கு ஆதாரமாயின. ஆகவே, கிறித்தவ உலகிற் பிறந்த கருத்துக்கள் கிறித்தவப் பல்கலைக் கழகத்தில் மாத்திரம் உள்ளன என்று எண்ணுதல் தவறு. சமயச் சார்பற்ற பல்கலைக் கழகத்திலும் அவை பாடநூலின் உள்ளே மறைந்திருக்கின்றன. ஒரு வகையில் நோக்கின், பெயர்ப்பலகையிலேயே தன் சமயத்தைக் கூறிக்கொள்ளும் இடத்தில் மாணாக்கன் விழிப்போடிருப்பான். கூறாத இடத்தில் உறங்கிவிடக்கூடும்.

பெல்சியச் சமூகத்தைப் பற்றி லூவேன் அறிஞர் செய்த ஆராய்ச்சியும் எமக்குப் பயன்தருவதே. அந்நாட்டில் ஒருவன் கத்தோலிக்க மருத்துவமனையிற் பிறந்து, கத்தோலிக்கப் பாடசாலையிற் பயின்று, கத்தோலிக்கத் தொழிற்சங்கத்தில் அங்கத்தவனாகி, கத்தோலிக்கப் பத்திரிகை படித்து வாழ்ந்து முடித்தல் கூடும். சமதர்மவாதிகளுக்கும் தாராளவாதிகளுக்கும் இவ்வாறே தனித்தனி அமைப்புக்கள் இருந்தன. இவற்றைத் தூண்கள் என்பர். 1960களின் பின்னர்க் கோயிலுக்குச் செல்வோர் தொகை விரைவாகக் குறைந்தபோதும், கத்தோலிக்கப் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் தளரவில்லை. ஏன் என்பதைக் கரெல் டொபெலாரே என்னும் லூவேன் சமூகவியலாளர் ஆராய்ந்தார். நம்பிக்கை தளர்ந்த பின்னரும் நிறுவனம் நிற்கும். நிற்பினும் அதன் உள்ளே சமயப்பொருள் மெல்ல மாறிப் பொதுவான நற்பண்புகளாகிவிடும் என்பது அவர் கண்டது. சைவ பரிபாலன சபையும் இந்துக் கல்விச் சபையும் கிறித்தவ மிசன்களும் தத்தமக்கெனப் பாடசாலைகளை நடாத்திய வரலாறும், 1960-61இல் அவை பெரும்பாலும் அரசின்பாற் சென்ற வரலாறும் உடையோம் நாம். இந்து என்னும் பெயர் வாயிலில் இருத்தல் மாத்திரம் உள்ளே இந்து சமயம் வாழ்தற்குப் போதுமோ என்னும் வினாவை, பெல்சியக் கத்தோலிக்கரைப் பற்றிய ஆராய்ச்சி எம்மிடத்தும் எழுப்புகின்றது.

லூவேனின் சொந்த வரலாறே சமூகவியற் பாடமொன்றாகும். பிளெமியரும் பிரெஞ்சு மொழியாளரும் ஒரே திருச்சபையினர். ஒரே பல்கலைக் கழகத்தினர். அப்பல்கலைக் கழகம் பிரிக்கப்படாது என ஆயர்கள் 1966இற் பிரகடனம் செய்தனர். ஆயினும் மொழியுரிமைக் கிளர்ச்சி வளர்ந்து, 1968இல் நாட்டின் அரசாங்கமே வீழ்ந்தது. பல்கலைக் கழகமும் இரண்டாயிற்று. டச்சு மொழிப் பகுதி பழைய நகரில் நின்றது; பிரெஞ்சு மொழிப் பகுதிக்குப் புதிய லூவேன் என்று ஒரு நகரமே எழுப்பப்பட்டது. நூல்நிலையத்தைப் பங்கிடுகையில், ஒற்றை எண்ணுடைய நூல்கள் ஒருபுறமும் இரட்டை எண்ணுடையன மறுபுறமுமாகப் பிரிந்தவையும் உண்டு. அந்நூல்நிலையம் 1914இலும் 1940இலும் போரில் இருமுறை எரிந்து மீண்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியக் கண்டவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. சமய ஒற்றுமை மொழிப் பிணக்கைத் தடுக்கும் என்று நம்புவோர் லூவேனைக் கற்பாராக.

சமூகவியல் பிறரை மாத்திரம் ஆராய்வதாயின் இனிய கல்வியாய் இருக்கும். அது எமது வாயிலுக்கும் வரும். இலங்கைப் பல்கலைக் கழகத்திற் சமூகவியல் கற்பித்த பிறைஸ் றையன் 1953இற் சிங்களச் சாதியமைப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். மைக்கேல் பாங்க்ஸ் யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றி எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. லூவேனிற் கற்பித்த பிரான்சுவா ஊத்தார் என்னும் குருவானவர் 1974இல் இலங்கையின் சமயத்தையும் அதிகார அமைப்பையும் தொடர்புபடுத்தி எழுதியபோது, மார்க்சியக் கருவிகளைக் கையாண்டார். 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பிறயன் பவன்பேகர் என்னும் அமெரிக்கர் ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிப் பதினொரு ஆண்டுகளின் பின்னரும், வழிபட வந்த சைவரைச் சைவரே வாயிலில் மறித்தமை வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது. கிறித்தவத் திருச்சபைகளும் இந்நாட்டிற் சாதியினின்று முற்றும் விடுபட்டிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவ்வுண்மை எமது குற்றத்தைக் கழுவாது.

இத்தகைய பக்கங்களைக் கிறித்தவ ஆசிரியர் முன்னிலையிற் படிக்க நேரும் சைவ மாணாக்கன் இரு தவறுகளுள் ஒன்றில் வீழக்கூடும். எமது மரபிற் கொள்ளத்தக்கது யாதுமில்லை என நாணி ஒதுங்குதல் ஒன்று. எல்லாம் எமது சாத்திரங்களில் முன்னரே உள்ளன. மேனாட்டார் கூறுவது புதிதன்று எனச் செருக்கி மறுத்தல் மற்றொன்று. முன்னையது தன்னை இழத்தல். பின்னையது கல்வியை இழத்தல். மெர்சியே தம் சமயத்தார்க்குக் கூறியது இவனுக்கும் பொருந்தும். வாயிலில் நின்று பழிப்பதும் புகழ்வதும் எளிது. உட்புகுந்து ஆராய்ந்து, சாதியைப் பற்றியோ ஆலயத்தைப் பற்றியோ பிழையாய் எழுதப்பட்டதைச் சான்று காட்டித் திருத்துவதும், சரியாய் எழுதப்பட்டதை ஏற்றுக்கொண்டு ஊரிற் செயற்படுத்துவதும் அரிது. அவ்வரிய பணிக்கே கல்வி.

இக்கல்வியின் தேவை எமது மண்ணிற் குறைந்ததன்று. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராய்ப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் எம்மக்கள் உள்ளத்தில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கில நூல் வெளியிட்டார். தனியாள் ஒருவரின் நோயாக மாத்திரமன்றி, குடும்பமும் ஊரும் உடைந்தமையால் விளைந்த கூட்டு வடுவாகவும் அதனைக் காணவேண்டும் என்பது அவர் எழுத்துக்களின் சாரம். மந்திரம் செபித்தல், செபமாலை சொல்லுதல் என அவரவர் சமய வழக்கத்தினூடே மனத்தை அமைதிப்படுத்தும் முறைகளையும் அவர் ஆராய்ந்தார். உளநூலும் சமூகவியலும் சமயமும் ஒருங்கே தேவைப்படும் இடம் இது. மற்றும், இந்நாட்டில் தற்கொலை வீதம் 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தை அடைந்து, கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் பெரிதும் குறைந்தது. மனத்தின் துயரை மாற்றுவதற்கு முன்னரே, கைக்கெட்டும் நஞ்சை அகற்றியமையால் உயிர்கள் தப்பின. எண்ணிப் பார்க்கும் கல்வி உயிர்காக்கும் என்பதற்கு இதனின் வேறு சான்று எற்றுக்கு?

ஆதலின், இத்துறைகளை நாடும் எமது மாணாக்கர்க்குச் சில கூறுவோம். பல்கலைக் கழகத்தைத் தெரியுமுன், அதன் பெயரிலுள்ள சமயத்தை நோக்குவதோடு நில்லாது மூன்று வினாக்களை விடுக்க வேண்டும். நிறுவனத்தின் சமயத்திற்கு ஒவ்வாத ஆராய்ச்சி முடிவை அங்குள்ளோர் வெளியிட்டதுண்டோ? மாணாக்கன் ஆசிரியரை மறுத்து எழுதினும் சான்று வலிதாயிற் புள்ளி பெறுவானோ? சமய வழிபாடு அவன் விருப்பத்திற்கு விடப்படுமோ, கட்டாயமோ? இவற்றுக்கு நல்விடை கிடைப்பின் அஞ்சவேண்டுவதில்லை; கிடையாதாயின், சமயச் சார்பற்றது என்று பெயர் பெற்ற இடத்தையும் நாடவேண்டாம். லூவேனிற் பல பட்டநெறிகளிற் சமயம், வாழ்வின் பொருள், உலகநோக்கு என்பன பற்றிய பாடம் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. அத்தகைய பாடத்தைச் சுமையெனக் கருதாது, தன் சமயத்தையும் நூன்முறையில் எடுத்துரைக்கும் வாய்ப்பெனக் கொள்ளுக. மொழியும் ஒரு தடையே. பழைய லூவேனில் டச்சும் புதிய லூவேனிற் பிரெஞ்சும் போதனா மொழிகள். உயர்பட்ட நெறிகள் சில ஆங்கிலத்திலும் உள்ளன. புள்ளிவிபரவியலிற் பயிற்சியின்றி இவ்விரு துறைகளுள் எதனையும் அணுகலாகாது என்பதும் நினைவிருத்தல் நலம்.

எல்லாவற்றினும் முதன்மையானது, புறப்படுமுன் செய்யவேண்டிய ஆயத்தம். தன் வீட்டை அறியாதவன் பிறர் வீட்டிற் சென்று எதனை ஒப்பிடுவான்? சைவசித்தாந்தத்தில் மனம் யாது, உயிர் யாது, ஆணவம் யாது என்பதைப் பாடசாலைப் பருவத்திலேயே தெளிவுறக் கற்பித்தல் இந்துக் கல்லூரிகளின் கடன். சமய பாடத்தைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் பாடமாய் ஒடுக்கிவிட்டு, பிள்ளைகள் பிறநாட்டில் நிலைதளர்ந்தனர் எனப் பின்னர் நாம் புலம்புதல் முறையன்று. நாவலர் பார்சிவல் பாதிரியாரிடத்துத் தயங்காது கற்றமைக்குக் காரணம், அவர் கற்றுக்கொண்டு சென்ற தமிழும் சைவமுமே. அத்தகைய முதலோடு செல்லும் மாணாக்கர் எந்தப் பல்கலைக் கழகத்தினின்றும் இலாபத்தோடு மீள்வர். அங்குள்ளார்க்கும் ஏதேனும் கொடுத்தே மீள்வர். இவ்விழா ஆண்டில் எமது கல்லூரியன்னை தன் மக்களுக்கு வழங்கத்தக்க சீதனம் இதனினும் பெரிதொன்று உண்டென நாம் கருதவில்லை. அவள் வாழ்க; அவளிடம் கற்றோர் எங்கும் தலைநிமிர்ந்து வினாவுக.